பூட்டுக்கு ஏற்ற சாவி
(வீட்டிலேயே கம்ப்யூட்டர் அமைப்போர் கவனத்திற்கு)

– இறுதியாண்டு, இயந்திரவியல் துறை



பூட்டுக்குப் பெயர் போன ஊர் நம் திண்டுக்கல். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாவி துவாரத்துக்குள் நுழைவது வேறு, பூட்டு திறப்பது வேறு என்பது நம் ஊர்ச் சின்னப் பையனுக்கும் தெரியும். உள்ளே இருக்கும் லீவர்களும் ஒத்துவர வேண்டும். இனி, சாவி திறந்தே விட்டாலும் அது நம் வீட்டுப் பூட்டுதானா என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது அல்லவா?

கம்ப்யூட்டரிலும் இதே இரண்டு கேள்விகள்தான். ஒரு பார்ட் இன்னொரு பார்ட்டோடு ஒத்துப்போகுமா? அதில் ஓடும் சாப்ட்வேரைப் பயன்படுத்த நமக்கு உரிமை உண்டா? முதலாவது பொருத்தம், இரண்டாவது லைசென்ஸ்.

நம்மில் பலர் செகண்ட் ஹேண்ட் பார்ட்ஸ் வாங்கித்தான் கம்ப்யூட்டர் அமைக்கிறோம். எங்கள் வீட்டில் அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடனில் வாங்கினோம். ஒரு பார்ட் சேரவில்லை என்றால் இன்னொன்று வாங்கக் காசு கிடையாது. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை, நான்தான் முதலில் படிக்க வந்தவன். ஆகவே வாங்கும் முன்பே விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் சாப்ட்வேர், பிறகு பார்ட்ஸ்

பெரும்பாலோர் பார்ட்ஸை வாங்கிவிட்டு, "இதில் எதைப் போடலாம்?" என்று பிறகு யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்ப வேண்டும் என்பதே என் கருத்து. ஏன்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு அந்தக் கம்பெனி சொல்லும் விதிப்படி 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன பிராசஸர் வேண்டும். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைப்பவையோ நான்காம், ஆறாம் தலைமுறை மிஷின்கள்! ஆகவே விண்டோஸ் 11-தான் வேண்டும் என்பவர் எட்டாம் தலைமுறைக்குக் கீழே கைவைக்கக் கூடாது. லினக்ஸ் போதும் என்பவருக்கு ஆறாம் தலைமுறையே தாராளம். மிச்சமாகும் காசில் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கலாம்.

பொருத்தம் பார்ப்பது எப்படி?

1. பிராசஸரும் மதர்போர்டும்: சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இன்டெல்லின் எல்.ஜி.ஏ. 1151 சாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ஆறு, ஏழாம் தலைமுறை பிராசஸர்களும் எட்டு, ஒன்பதாம் தலைமுறை பிராசஸர்களும் இதே பெயருள்ள சாக்கெட்டில்தான் உட்காரும். ஆனால் எச்110 போர்டில் ஆறு, ஏழுதான் ஓடும். எட்டு, ஒன்பதுக்கு எச்310 போன்ற 300 வரிசை போர்டு வேண்டும். சாவி நுழையும், பூட்டு திறக்காது என்பது இதுதான். எனவே போர்டின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தக் கம்பெனி வெளியிட்டுள்ள பிராசஸர் பட்டியலைப் பாருங்கள். அதில் எந்த பயாஸ் பதிப்பு தேவை என்பதும் இருக்கும்.

2. ராம்: டி.டி.ஆர்.3-க்கு 240 பின், 1.5 வோல்ட். டி.டி.ஆர்.4-க்கு 288 பின், 1.2 வோல்ட். நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். ஆகவே தவறான ராம் உள்ளே போகாது. போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள்! லேப்டாப் ராம் அளவில் சிறியது, அதுவும் சேராது.

3. எஸ்.எஸ்.டி.: எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவில் சாட்டா வகையும் உண்டு, என்.வி.எம்.இ. வகையும் உண்டு. உங்கள் போர்டில் உள்ள எம்.2 துவாரம் எதை ஏற்கும் என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய போர்டுக்கு இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கினால் குழப்பமே இல்லை.

4. எஸ்.எம்.பி.எஸ்.: வழக்கமான போர்டுக்கு 24 பின் கனெக்டர். ஆபீஸ்களில் கழித்துவிட்ட பிராண்டட் மிஷின்கள் சிலவற்றில் அந்தக் கம்பெனிக்கே உரிய 6 பின் அல்லது 8 பின் கனெக்டர் இருக்கும். அது போய்விட்டால் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். நேராகச் சேராது. வாங்கும் முன் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

5. பிரிண்டர்: ஜெராக்ஸ் கடைகளில் நாம் பார்க்கும் எச்.பி. லேசர்ஜெட் 1020 ஒரு நல்ல உதாரணம். அதை ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதற்குள் ஒரு சிறு புரோகிராமை அனுப்ப வேண்டும். லினக்ஸில் இதற்கான எச்.பி. டிரைவர் கட்டற்ற மென்பொருள். அந்தச் சிறு புரோகிராம் மட்டும் தனி லைசென்ஸில் வருகிறது. அதைத் தனியாக இறக்கி, சம்மதம் தெரிவித்த பிறகுதான் பிரிண்ட் வரும். பொருத்தமும் லைசென்ஸும் ஒன்றோடொன்று பின்னியவை என்பது இதிலிருந்து விளங்கும்.

"எல்லாம் போட்டுத் தந்துருவோம் தம்பி!"

நான் விசாரித்த ஒரு கடையில், "விண்டோஸ், ஆபீஸ், ஆட்டோகேட் எல்லாம் போட்டுத் தந்துருவோம் தம்பி, அதுக்குத் தனியாக் காசு வேணாம்" என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பில்லில் எழுதித் தருவீர்களா என்றால் பதில் இல்லை.

நமது காப்பிரைட் சட்டம் 1957-ல் வந்தது. 1984-ல் செய்த திருத்தத்தால் கம்ப்யூட்டர் புரோகிராமும் அதற்குள் சேர்ந்தது. 1994-ன் திருத்தம் 63பி என்ற பிரிவைச் சேர்த்தது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம் என்கிறது அது. லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால், தக்க காரணம் காட்டி, நீதிமன்றம் சிறையை விட்டு ரூ.50,000 வரை அபராதம் மட்டும் விதிக்கலாம்.

"லாபத்துக்கு" என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் வீடுகளில் கம்ப்யூட்டர் வெறும் படிப்புக்கு மட்டுமா வருகிறது? டைப்பிங், பில் போடுவது, பட்டறைக்கு டிராயிங் போட்டுத் தருவது என்று நாலு காசு பார்க்கவும்தானே! அந்த வீட்டில் திருட்டுப் பிரதி இருந்தால், கடன் அடைக்க வாங்கிய பொருளே வம்பாகிவிடும். கிராக் போட ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். உள்ளே வேறு என்ன நுழைந்தது என்பது யாருக்குத் தெரியும்?

லைசென்ஸில் எத்தனை வகை?

ஓ.இ.எம்.: மிஷினோடு சேர்ந்து வருவது. பொதுவாக மதர்போர்டோடு கட்டுண்டது. போர்டை மாற்றினால் உரிமையும் போய்விடும்.

ரீட்டெயில்: தனியாக வாங்குவது, விலை கூடுதல். பழைய மிஷினில் நீக்கிவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். அடிக்கடி பார்ட்ஸ் மாற்றுகிறவருக்கு இதுவே லாபம்.

வால்யூம்: நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தருவது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீ நம்பர்களில் இந்த வகையும் கலந்திருக்கும். நம்பர் கிடைத்தால் உரிமை கிடைத்ததாக அர்த்தம் இல்லை.

ஸ்டூடண்ட்: ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம், ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். ஆனால் படிப்புக்கு மட்டுமே. காசு வாங்கிக்கொண்டு வரைந்து தரக் கூடாது. டிப்ளமோ முடிந்தால் இந்தச் சலுகையும் முடியும்.

கட்டற்றது: 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அப்போது அவரும் நம்மைப் போல ஒரு மாணவர்தான்! இவற்றின் ஜி.பி.எல். லைசென்ஸ்படி பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம், தொழிலும் செய்யலாம். மாற்றியதைப் பிறருக்குத் தரும்போது அதன் மூலநிரலையும் அதே உரிமையோடு தர வேண்டும்.

இது நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 2011-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. அதை உருவாக்கியது சென்னை சி-டாக். நம் அண்ணன், அக்காமார் பலர் அந்தப் பக்கம் திறந்துகூடப் பார்க்கவில்லை!

நான் தேர்ந்தெடுத்தது

ஆறாம் தலைமுறை ஐ5, எச்110 போர்டு, 8 ஜி.பி. டி.டி.ஆர்.4, சாட்டா எஸ்.எஸ்.டி., அதில் லினக்ஸ் மின்ட். கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபீஸ், டிராயிங்குக்கு லிப்ரேகேட், பிரீகேட். பட்டறைக்கு டை டிராயிங் போட்டுக் கொடுத்துக் காசு வாங்கினாலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

குறையும் உண்டு. ஆட்டோகேட் லினக்ஸில் நேராக ஓடாது. பிராக்டிகல் பரீட்சைக்கு கல்லூரி லேபில்தான் பழக வேண்டும். வீட்டில் வரைந்ததை டி.எக்ஸ்.எப். பைலாகச் சேமித்தால் லேபில் ஆட்டோகேட்டிலும் திறக்கலாம்.

நண்பர்களே! கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த சாப்ட்வேர், எந்த லைசென்ஸ், அதற்கு எந்த பிராசஸர், போர்டு, ராம், எஸ்.எம்.பி.எஸ். என்று. லினக்ஸ் உள்ள ஒரு பென்டிரைவையும் கையோடு கொண்டுபோய், இன்ஸ்டால் செய்யாமலே அந்த மிஷினை ஓட்டிப் பாருங்கள். வைபை, சவுண்ட், டிஸ்ப்ளே எல்லாம் வேலை செய்தால் காசைக் கொடுங்கள். சாப்ட்வேர் போட்டுத் தருகிறோம் என்றால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் எங்கள் வகுப்புக்கு வந்து கேட்கலாம். தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன்.