வாப்பாவின் கொம்பியூட்டரும் கள்ளக் கேஷும்

வாப்பாவின் அச்சகத்தில் கடைசியாக ஓடிய கொம்பியூட்டர் 1996இல் கொழும்பிலிருந்து வந்தது. அதற்கு முன்பு எங்களுக்கு ஈய எழுத்துத்தான். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் வயதான பெண்களிடம் பல வருடங்களாகக் கேட்டெழுதிய நாட்டார் கவிகளை வாப்பா அந்தக் கொம்பியூட்டரில்தான் தட்டச்சுச் செய்து, பேஜ்மேக்கரில் பக்கமாக்கி வைத்திருந்தார். புத்தகம் அச்சேறவில்லை. கடதாசிப் பிரதி 2004 டிசம்பர் 26ஆம் திகதி வீட்டோடு போயிற்று. பெட்டி மட்டும் தப்பியது. அதற்கு இரண்டு வருடம் முன்பே அச்சகத்தை மூடி, அதை அக்குறணையில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். அங்கே ஸ்டோர் அறையில், பழைய தையல் மெஷினுக்குக் கீழே, இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது.

ஹாட் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேபிளால் இப்போதைய லெப்டொப்பில் மாட்டினால் வேலை முடிந்துவிடும் என்று நானும் நினைத்தேன். முடியவில்லை. அந்த டிஸ்க் பெட்டியைவிடப் பழையது, 170 மெகாபைட். அந்தக் காலத்து டிஸ்க்கிடம் ஒரு தகவலைக் கேட்பதானால் எந்த உருளை, எந்தத் தலை, எந்தத் துண்டு என்று மூன்று இலக்கம் சொல்லிக் கேட்க வேண்டும். இன்றைய யூஎஸ்பி கேபிள்களில் பெரும்பாலானவை துண்டுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரே வரிசையாக எண்ணத்தான் தெரிந்தவை. டிஸ்க் சுற்றுகிறது, சத்தமும் வருகிறது, லெப்டொப் ஒன்றும் இல்லை என்கிறது. ஆக, டிஸ்க்கின் பாஷை தெரிந்த மதர்போர்டிடமே போக வேண்டியதாயிற்று. அதாவது, வாப்பாவின் போர்டை உயிர்ப்பிக்க வேண்டும்.

நான் எலக்ட்ரோனிக்ஸ் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இருந்தாலும் இந்த வேலையில் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல. ஊருக்கு ஊர் இப்படி ஒரு பெட்டி, யாரோ ஒருவருடைய எழுத்தோடு, எங்காவது ஓர் அலுமாரிக்கு மேல் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

பெட்டியைத் திறந்ததும் கண்ணில் பட்டது பச்சைப் பாசி. விசைப்பலகை பூட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு பற்றரி இருக்கும், 3.6 வோல்ட், நிக்கல் கட்மியம். மின்சாரம் இல்லாத நேரத்தில் திகதியையும் டிஸ்க்கின் இலக்கங்களையும் நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. வயதாகினால் கசியும். கசிவது காரம், அது செப்புக் கோடுகளைத் தின்னும். பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் மற்ற எல்லாவற்றுக்கும் முதல் செய்ய வேண்டியது இந்தப் பற்றரியை வெட்டி எடுப்பதுதான். கொம்பியூட்டரை ஓடவைக்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் வெட்டிவிடுங்கள்.

காரத்துக்கு மருந்து அமிலம். தேசிக்காய்ப் புளியைப் பழைய பல் தூரிகையில் தொட்டுத் தேய்த்தால் பொங்கிப் பொங்கிக் கழரும். "மீன் கழுவ வெச்ச தேசிக்காயெல்லாம் எடுத்து இவன் பெட்டிக்குப் பிழியிறான்" என்று உம்மா யாருக்கோ போனில் முறையிட்டது எனக்குக் கேட்டது. பிறகு காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஸ்பிரிட் பூசி, இரண்டு நாள் காயவிட்டேன். இரண்டு செப்புக் கோடுகள் அறுந்திருந்தன. மயிர் போன்ற கம்பி வைத்து ஈயம் பற்றவைத்தேன்.

பூட்டும்போது மூன்று இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது மின்சாரம். பழைய போர்டுக்கு மின்சாரம் இரண்டு தனித்தனிக் கொளுவிகளால் வரும், ஒவ்வொன்றிலும் ஆறு வயர். இரண்டும் ஒரே உருவம், மாறிப் பூட்டினாலும் உள்ளே போகும். மாறிப் பூட்டினால் போர்ட் அத்தோடு சரி. கறுப்பு வயரும் கறுப்பு வயரும் நடுவில் பக்கம் பக்கமாக வர வேண்டும், இதை மறக்கக் கூடாது. இன்னொன்று, அந்தப் பெட்டிகளின் முன்பக்க ஆளிக்கே 230 வோல்ட் நேராக வருகிறது. இப்போதைய பெட்டி மாதிரி நினைத்துக் கைவைக்க வேண்டாம்.

இரண்டாவது புரொசெசர். வாப்பாவுடையது இன்டெல் 486 டீஎக்ஸ்2, 66 மெகாஹேர்ட்ஸ், ஐந்து வோல்ட்டில் ஓடுவது. இதே சொக்கெட்டில் பின்னால் வந்த டீஎக்ஸ்4 வகைக்கு மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். எதைப் போடுகிறோமோ அதற்கேற்ற ஜம்பரை முதலில் மாற்ற வேண்டும். போர்டின் புத்தகம் இல்லாவிட்டால் போர்டின் மேலேயே வெள்ளை மையில் அச்சிட்டிருக்கிறார்களா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மூன்றாவது ரேம். 30 கால் கொண்ட சிறிய பட்டிகளை நாலு நாலாகத்தான் போட வேண்டும். ஒரு பட்டி எட்டு பிட் தரும், 486 ஒரே தடவையில் 32 பிட் கேட்கும். 72 கால் பட்டி என்றால் ஒன்றே போதும்.

ஆளியைப் போட்டேன். ஒரு பீப் சத்தம். திரையில் எழுத்துக்கள் வந்தன, 256 கிலோபைட் கேஷ் என்ற வரியும் வந்தது. அந்த வரியைப் பார்த்ததும் வாப்பா ஞாபகம். பெட்டி வாங்கி வந்த நாளில் அச்சகத்துக்கு வந்த எல்லாரிடமும் "கேஷ் இரிக்கிற போர்ட் இது, அதுக்குத் தனியாக் காசி குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேஷ் என்றால் காசு என்று விளங்கிக்கொண்டவர்களும் உண்டு.

கேஷ் என்றால் என்ன? அச்சகத்தில் வளர்ந்தவனுக்கு இதை விளக்குவது இலேசு. எழுத்துக் கோர்ப்பவருக்கு முன்னால் சரிவாக ஒரு எழுத்துப் பெட்டி இருக்கும். அடிக்கடி வரும் எழுத்துக்கள் கைக்கெட்டும் தூரத்தில். அதில் இல்லாதது பின்னாலுள்ள றாக்கையில். அங்கேயும் இல்லையென்றால் முற்றத்தைத் தாண்டிக் கிட்டங்கிக்குப் போக வேண்டும். கிட்டங்கியில் எல்லாம் இருக்கிறது, ஆனால் போய்வர நேரம் பிடிக்கும்.

கிட்டங்கிதான் ரேம். ரேமில் ஒரு பிட்டை ஒரு ட்ரான்சிஸ்டரும் ஒரு சிறு மின்தேக்கியும் வைத்திருக்கின்றன. மலிவு, இடமும் குறைவு. ஆனால் தேக்கியிலுள்ள மின்னூட்டம் ஒழுகிக்கொண்டே இருக்கும், திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். அந்தக் காலத்து ரேம் பதில் சொல்ல 60, 70 நனோசெக்கன் எடுக்கும். வாப்பாவின் போர்டில் பஸ் 33 மெகாஹேர்ட்ஸ், அதாவது ஒரு துடிப்பு 30 நனோசெக்கன். புரொசெசருக்குள் துடிப்பு அதன் இரட்டிப்பு வேகம், 15 நனோசெக்கன். கிட்டங்கிக்குப் போனவன் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் வேண்டும்.

கேஷ் சிப் வேறு சாதி. அதில் ஒரு பிட்டுக்கு ஆறு ட்ரான்சிஸ்டர். ஒழுகாது, நிரப்பத் தேவையில்லை, 15 அல்லது 20 நனோசெக்கனில் பதில் வரும். விலைதான் கூட. ஆகவே கொஞ்சமாகப் போடுவார்கள். 486இன் வயிற்றுக்குள்ளேயே எட்டு கிலோபைட் உண்டு, அது கைக்கெட்டும் எழுத்துப் பெட்டி. போர்டில் வெளியே பூட்டும் 256 கிலோபைட் பின்னாலுள்ள றாக்கை. இந்த யோசனையை இங்கிலாந்தின் மோரிஸ் வில்க்ஸ் 1965இல் எழுதினார், அவர் வைத்த பெயர் அடிமை நினைவகம் என்ற பொருளில் இருந்தது. விற்பனைக்கு வந்த இயந்திரங்களில் முதலில் இதைப் பூட்டியது ஐபிஎம் 360இன் 85ஆம் மொடல், 1968இல். கேஷ் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது, ஒளித்து வைப்பது என்று அர்த்தம்.

றாக்கையில் எது எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 256 கிலோபைட்டை 16 பைட் கொண்ட வரிசைகளாகப் பிரித்தால் 16,384 வரிசை வரும். ரேமையும் 256 கிலோபைட் கொண்ட பக்கங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தின் நூறாவது வரிசையாக இருந்தாலும் கேஷில் நூறாவது இடத்தில்தான் உட்கார முடியும். ஓர் இடம், ஓர் ஆள். அங்கே உட்கார்ந்திருப்பவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று குறித்துவைக்க இன்னொரு சிப் உண்டு, அதற்கு டேக் ரேம் என்று பெயர். தரவுக்கு எட்டுச் சிப், டேக்குக்கு ஒன்பதாவது. போர்டில் ஒன்பது ஒரே மாதிரிச் சிப்பைக் கண்டால் காரணம் இதுதான்.

டேக் சிப்பில் ஒரு வரிசைக்கு எட்டு பிட். எட்டு பிட்டால் 256 பக்கம் எண்ணலாம். 256 பக்கம் தடவை 256 கிலோபைட், 64 மெகாபைட். அதற்கு மேல் ரேம் போட்டால் மேலதிகப் பகுதிக்குக் கேஷ் கிடையாது. எழுதும் முறையையும் இதோடு பார்க்க வேண்டும். கடையில் கடன் கொடுத்தால் உடனே பெரிய பேரேட்டில் எழுதுவது ஒரு முறை, துண்டில் குறித்துவைத்து ஓய்ந்த நேரத்தில் பேரேட்டில் ஏற்றுவது இன்னொரு முறை. பின்னையதைத்தான் ரைட் பேக் என்கிறார்கள். வேகம், ஆனால் எந்தத் துண்டு இன்னும் ஏற்றப்படவில்லை என்று ஓர் அடையாளம் வேண்டும். பல போர்டுகளில் அந்த அடையாளத்துக்கு டேக்கின் எட்டு பிட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். மீதி ஏழு, 128 பக்கம், 32 மெகாபைட். ரேமைக் கூட்டிப் போட்டும் கொம்பியூட்டர் சிலருக்கு மெதுவானதன் இரகசியம் இதில் இருந்தது.

டிஸ்க்கை வாசிக்க முதல் நான் பயோஸில் வெளிக் கேஷை நிறுத்தினேன். முப்பது வருடத்துக் கேஷ் சிப் ஒரு பிட்டை மாற்றிச் சொன்னால் கவியில் ஓர் எழுத்து மாறும், எங்கே மாறியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. நிறுத்தினால் வேகம் மட்டுமே குறையும், தரவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வேகமும் குறையவில்லை. நிறுத்தினாலும் போட்டாலும் விண்டோஸ் 3.1 திறக்க அதே நேரம்.

டொஸ்ஸில் ஓடும் கேஷ்செக் என்ற சிறு புரோகிராம் இருக்கிறது. ஒரு கிலோபைட், இரண்டு, நாலு, எட்டு என்று கூட்டிக் கூட்டி வாசித்து நேரத்தை அளக்கும். நல்ல போர்டில் இரண்டு படி தெரியும், எட்டு கிலோபைட் தாண்டும்போது ஒன்று, 256 தாண்டும்போது ஒன்று. இங்கே எட்டைத் தாண்டியதும் நேராக ரேமின் வேகத்துக்கு விழுந்தது. இரண்டாவது படியே இல்லை.

மல்டிமீற்றரை எடுத்தேன். இந்த 28 கால் சிப்பில் 14ஆவது கால் பூமி, 28ஆவது கால் ஐந்து வோல்ட். மீற்றரின் ஒரு முனையை மின்கொளுவியின் கறுப்பு வயரிலும் மறு முனையை 14ஆவது காலிலும் வைத்தால் கத்த வேண்டும். கத்தவில்லை. ஒன்பது சிப்பிலும் கத்தவில்லை. காரம் தின்றது பற்றரியின் பக்கம்தான், இவை இருப்பது போர்டின் மறுமுனையில். ஒன்றைச் சூடாக்கிக் கழற்றிப் பார்த்தேன். கீழே துளை இருந்தது, துளையிலிருந்து எங்கேயும் கோடு போகவில்லை. சிப்பைக் குறட்டால் உடைத்தேன். உள்ளே சிலிக்கனே இல்லை. வெறும் பிளாஸ்டிக்கும் காலும்.

1990களின் நடுவில் உலகம் முழுக்க இப்படிப் போர்டுகள் விற்றிருக்கிறார்கள். சிப்பின் மேல் இலக்கத்துக்குப் பதிலாக ரைட் பேக் என்று மட்டும் அச்சிட்டவையும் உண்டு. பயோஸையும் மாற்றி, இல்லாத கேஷ் இருப்பதாகத் திரையில் காட்டச் செய்திருக்கிறார்கள். வாப்பாவுக்கு விற்ற கடைக்காரருக்கு இது தெரியுமா என்று எனக்குச் சொல்ல முடியாது, அவரும் ஏமாந்திருக்கலாம். ஆனால் வாப்பா இரண்டு தடவை பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், பக்கம் புரட்ட நேரம் எடுக்குது என்று முறையிட்டது எனக்கு நல்ல ஞாபகம். "தமிழ் எழுத்து அப்படித்தான் ஹாஜியார், பாரம் கூட" என்று சொல்லி அனுப்பினார்களாம். வாப்பா அதை நம்பினார். கடைசிவரை தமிழ் எழுத்தைத்தான் குற்றம் சொன்னார்.

எழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் காலத்து எழுத்துரு என்பது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்ததுதான், கொம்பியூட்டருக்கு இரண்டும் ஒரே பாரம்.

டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். பயோஸின் தானாகக் கண்டறியும் வசதி அதன் மூன்று இலக்கங்களையும் வாசித்துத் தந்தது. பிரதி எடுக்க, பழைய கமெராக்களில் போடும் கொம்பெக்ட் பிளாஷ் கார்டை ஒரு சிறு மாற்றி மூலம் இரண்டாவது கேபிளில் பூட்டினேன். இந்தக் கார்டுக்கு டிஸ்க்கின் பழைய பாஷையும் தெரியும், லெப்டொப்பின் பாஷையும் தெரியும். 256 மெகாபைட் கார்டையே தேடி எடுத்தேன். 1024 உருளை, 16 தலை, 63 துண்டு, துண்டுக்கு 512 பைட் என்று பெருக்கினால் 528 மில்லியன் பைட்டோடு பழைய பயோஸின் கணக்கு முடிந்துவிடும், பெரிய கார்ட் போட்டுத் தலையிடி வாங்கத் தேவையில்லை. விண்டோஸுக்குப் போகாமல் டொஸ்ஸிலேயே முழுவதையும் பிரதி எடுத்தேன். எழுத்துருக் கோப்புகளையும் மறக்காமல் எடுங்கள். அவை இல்லாவிட்டால் கவி முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும்.

பேஜ்மேக்கர் கோப்பு மூன்று இருந்தன. இரண்டு திறந்தன, அவற்றை யூனிகோடுக்கு மாற்றி முடித்துவிட்டேன். வாப்பாவிடம் எழுத்துக் கோர்க்கப் பழகிய காக்கா ஒருவர் இப்போது புறூப் பார்க்கிறார். "வாப்பா இந்த இடத்துல 'மச்சி' எண்டுதான் போட்டவர், 'மச்சான்' எண்டு மாத்திப் போடாதீங்க" என்று நேற்றும் கோல் எடுத்தார். மூன்றாவது கோப்பு பாதியில் நின்றுவிடுகிறது. டிஸ்க்கில் அந்த இடத்தில் சில துண்டுகள் வாசிக்க முடியாமல் இருக்கின்றன. காலையில், டிஸ்க் குளிர்ந்திருக்கும் நேரத்தில், தினமும் ஒரு தடவை முயன்று பார்க்கிறேன். போன கிழமை நாலு துண்டு கிடைத்தது.