புதுப்பிப்பு வரட்டும், நாம் சொல்லும் நேரத்தில்

கணினியைக் காசு கொடுத்து வாங்கியது நாம். ஆனால், அது எப்போது நிற்க வேண்டும், எப்போது மீண்டும் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது யார்?

பிள்ளை இடுபணியைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பான். கடைக்காரர் மாதக் கணக்கை முடித்துக்கொண்டிருப்பார். திடீரென்று, புதுப்பிப்பு நடக்கிறது, கணினியை அணைக்காதீர்கள் என்று திரை நிற்கும். சேமிக்காதது போனதுதான். மலாக்கா பட்டணத்தில் வீட்டுக்கு நிலையான இணையம் உள்ளவர்களுக்கு இது வெறும் எரிச்சல். ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா பக்கத்துத் தோட்டப்புறங்களில் கதை வேறு. அப்பாவின் கைபேசிதான் இணையம் என்றிருக்கும் வீடுகள் அங்கே உண்டு. முன்பணம் கட்டிய சிம் அட்டை, அதிலிருந்து ஹாட்ஸ்பாட், அதை நம்பி மடிக்கணினி. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி வகுப்புகள் வீட்டுக்கு வந்தபோது இந்த ஏற்பாட்டின் அருமையும் தெரிந்தது, அருகதையும் தெரிந்தது. விண்டோசின் மாதாந்திரப் புதுப்பிப்பு ஒன்றே நூற்றுக்கணக்கான மெகாபைட் வரும். பெரிய பதிப்பு மாற்றம் என்றால் சில ஜிகாபைட். வாரம் முழுவதற்கும் வாங்கிய தரவு, யாரையும் கேட்காமல் ஒரே இரவில் தீர்ந்துவிடும்.

கோபம் வருவது நியாயமே. அந்தக் கோபத்தில் சிலர், பழுதுபார்க்கும் கடையில் கொடுத்து புதுப்பிப்பை அடியோடு முடக்கச் சொல்கிறார்கள். வினை அங்கேதான் தொடங்குகிறது.

2017 மே 12-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். 'வானாகிரை' என்ற பணயத் தீநிரல் அன்று உலகைச் சுற்றியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 அமெரிக்க டாலர் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நம் நாட்டிலும் சைபர்செக்யூரிட்டி மலேசியா எச்சரிக்கை விடுத்தது. இதில் வேதனை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே, அதாவது இரண்டு மாதத்துக்கு முன்பே, வெளியிட்டிருந்தது. அதை ஏற்றாத விண்டோஸ் 7 கணினிகள்தாம் பெரும்பாலும் அடிபட்டன.

அதற்காக நிறுவனத்தின் மேல் தவறே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மக்கள் புதுப்பிப்பைக் கண்டு அஞ்ச வைத்ததில் அதற்கும் பங்குண்டு. 2016-இல் விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லும் அறிவிப்பை மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினால், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. கலிபோர்னியாவில் பயண முகவர் ஒருவர், அனுமதியின்றி வந்த அந்த மாற்றத்தால் வியாபாரம் கெட்டது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் பெற்றார். 2018 அக்டோபரில் வந்த பெரிய புதுப்பிப்பு சிலருடைய கோப்புகளையே அழித்தது. சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு வாரம் பொறுத்தவர்கள் தப்பித்தார்கள்.

2024 ஜூலை 19-இல் நடந்ததோ இன்னும் பெரிது. 'கிரவுட்ஸ்ட்ரைக்' என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் தானியங்கிப் புதுப்பிப்பு ஒன்று பிழைபட்டு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. கேஎல்ஐஏ-வில் ஏர் ஆசியா பயணிகளைக் கையாலேயே பதிய வேண்டியதாயிற்று. நம் நாட்டில் 5 அரசாங்க அமைப்புகளும் 9 நிறுவனங்களும் பாதிக்கப்பட்டதாக இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ தெரிவித்தார். அது பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள் என்பதால் வீட்டுக் கணினிகள் பிழைத்தன.

ஆக, கதவை இழுத்துப் பூட்டுவதும் வழியல்ல, திறந்து போட்டுவிட்டுப் போவதும் வழியல்ல. எப்போது திறப்பது என்பதை நாம் வைத்துக்கொள்ளலாம். விண்டோசிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

தோட்டப்புற வீடுகளுக்கு முதலில் வேண்டியது 'மீட்டர்ட் கனெக்‌ஷன்'. ஹாட்ஸ்பாட்டில் இணைந்த பிறகு, செட்டிங்ஸில் இணையப் பகுதிக்குப் போய், அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் இதை முடுக்கிவிடுங்கள். இந்தத் தொடர்பில் தரவு அளந்துதான் கிடைக்கும் என்று கணினிக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலான புதுப்பிப்புகளைத் தானாக இறக்காது. சில அவசரத் திருத்தங்கள் மட்டும் வரக்கூடும். இந்த அமைப்பு ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனி. ஆகவே, மாதம் ஒரு முறை பட்டணத்து உறவினர் வீட்டுக்கோ, அருகில் 'நாடி' இணைய மையம் இருந்தால் அங்கேயோ மடிக்கணினியை எடுத்துச் சென்று, விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளலாம்.

மாதாந்திரத் திருத்தம் அமெரிக்காவில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. நமக்கு அது புதன் விடியற்காலை. பிழை ஏதும் உண்டா என்று பார்க்க விரும்பினால், அதே பக்கத்தில் உள்ள 'பாஸ் அப்டேட்ஸ்' மூலம் ஒரு வாரம் தள்ளி வையுங்கள். பள்ளித் தேர்வு, ஆண்டுக் கணக்கு முடிப்பு போன்ற நாள்களுக்கும் இது உதவும். ஆனால், மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே போனால் முடக்கி வைத்ததற்கு ஒப்புதான்.

வேலை நடுவே கணினி தானே அணைந்து எழுவதைத் தடுக்க 'ஆக்டிவ் அவர்ஸ்' இருக்கிறது. காலை 7 முதல் நள்ளிரவு 12 வரை என்று குறித்துவிட்டால், அந்த நேரத்தில் தானாக மறுதொடக்கம் செய்யாது. 18 மணி நேரம் வரை குறிக்கலாம். புதுப்பிப்பு ஏறும்போது மடிக்கணினி மின்சாரத்தில் இணைந்திருக்கட்டும். மாலையில் இடி மின்னல் என்றால் அன்றைக்கு வேண்டாம். பாதியில் மின்சாரம் போனால் கணினி எழாமலே போகலாம்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்கள் தனியாகப் பதிந்துகொண்டு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் பெறும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பதியாதவர்களுக்குத் தொல்லை தரும் அறிவிப்புகள் குறைந்திருக்கும், அடைபடாத ஓட்டைகள் கூடிக்கொண்டிருக்கும். தங்கள் கணினியில் எது உள்ளது என்று தெரியாதவர்கள், தேடல் கட்டத்தில் 'வின்வெர்' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினால் பதிப்பின் பெயரும் எண்ணும் தெரியும்.