உண்டியலில் தூங்கும் லட்சுமி! எழுப்ப மறந்தால் செல்லாக்காசுதான்!

வீட்டில் சில்லறை சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

உங்கள் வீட்டு உண்டியலைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?

"அது பாட்டுக்கு பீரோ மேல கிடக்கு சார். நிறையட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்." பல வீடுகளில் கிடைக்கும் பதில் இதுதான்.

நிறையட்டும் என்று காத்திருப்பதில் தப்பில்லை. ஆனால் மனுஷனைப் போலவே காசுக்கும் ஆயுசு உண்டு. உண்டியல் நிறைவதற்குள் உள்ளே கிடக்கும் காசின் ஆயுசு முடிந்துவிட்டால்?

சேர்த்தது பணம் இல்லை, வெறும் தகரம்!

இது சும்மா பயமுறுத்தும் பேச்சு இல்லை. நம் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது.

நாலணா செத்த நாள்

2011-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி. அன்று முதல் 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள எல்லா நாணயங்களும் செல்லாது என்று ஆகிவிட்டது. நம் ஊர் பாஷையில் சொன்னால், நாலணா செத்துப்போன நாள்!

நாலணா மட்டுமா? 20 காசு, 10 காசு, 5 காசு, பழைய 3 காசு, 2 காசு, 1 காசு எல்லாவற்றுக்கும் அன்றோடு கதை முடிந்தது.

திடீரென்று யாரும் கழுத்தை அறுத்துவிடவில்லை. ஜூன் 29-ந் தேதி வேலை நேரம் முடியும் வரை மாற்றிக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி முன்கூட்டியே அறிவித்திருந்தது. குறிப்பிட்ட வங்கிக் கிளைகளிலும் ரிசர்வ் வங்கி அலுவலகங்களிலும் முழு மதிப்பும் கொடுத்தார்கள்.

பேப்பர் பார்த்தவர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பீரோ மேல் உண்டியல் இருப்பதையே மறந்தவர்கள் கோட்டை விட்டார்கள். 29-ந் தேதி காசாக இருந்தது, 30-ந் தேதி பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாகிவிட்டது!

இன்றைக்கும் பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய பவுடர் டப்பா கிடைக்கும். குலுக்கினால் கலகலவென்று சத்தம். ஆசையாகத் திறந்தால் அத்தனையும் அலுமினியப் பத்து பைசா!

அதில் தாமரைப்பூ போட்ட மஞ்சள் நிற 20 காசு இருந்தால் மட்டும் பாட்டி சந்தோஷப்படுவார். 1968-ல் வந்த காசு அது. லட்சுமி பூஜைக்கு வைப்பார்கள். சாமிக்குச் செல்லும், கடையில் செல்லாது!

சிறுவாட்டுப் பணம்

சில்லறை சேர்ப்பது நம் வீடுகளுக்குப் புதுசு இல்லை.

அரிசிப் பானைக்குள் கொஞ்சம், அஞ்சறைப் பெட்டிக்குள் கொஞ்சம், புடவை மடிப்புக்குள் கொஞ்சம். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அம்மா சேர்த்து வைக்கும் அந்தப் பணத்துக்குச் 'சிறுவாடு' என்றே ஒரு பெயர் உண்டு. மாசக் கடைசியில் பால் பாக்கிக்கும், பிள்ளைக்குத் திடீர் என்று ஜுரம் வந்தால் ஆட்டோவுக்கும் மருந்துக்கும் கை கொடுப்பது அதுதான்.

திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைக்கும் காசு தனி. மொய்க் கவருக்காக எடுத்து வைக்கும் ஒற்றை ரூபாய் தனி. 101, 501 என்று எழுத வேண்டுமே! அந்த ஒரு ரூபாய் இல்லாமல் எந்தக் கல்யாணமும் நடப்பதில்லை.

பிள்ளைகளுக்கு மண் உண்டியல். மண் உண்டியலுக்கு மூடி கிடையாது. உடைத்தால்தான் காசு. அதனால் சும்மா சும்மா எடுக்க மனசு வராது. அதுதான் அந்தக் காலத்துப் பெரியவர்கள் வைத்த பூட்டு!

பள்ளிக்கூடங்களிலும் 'சஞ்சாயிகா' என்று சேமிப்புத் திட்டம் இருந்தது. பிள்ளைகள் கொண்டுவரும் சில்லறையை வாத்தியார் வாங்கி வரவு வைப்பார். நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கு இது ஞாபகம் இருக்கும்.

சேர்த்து வைக்கும் கை கெட்டிக்காரக் கைதான். ஆனால் எடுக்கும் நாளையும் அந்தக் கை தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அக்காள் - தங்கையின் சோகம்

2016 நவம்பர் 8-ந் தேதி ராத்திரி. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அன்றைக்குத்தான் எத்தனையோ வீடுகளில் சிறுவாட்டுப் பணம் வெளியே வந்தது. "இவ்வளவு பணம் உன்கிட்ட இருந்துச்சா?" என்று வீட்டுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அதோடு முடிந்ததா? இல்லை. மூன்று வருஷம் கழித்து 2019-ல் திருப்பூர் மாவட்டத்தில் நடந்த சம்பவம் நெஞ்சை உருக்கியது.

வயதான அக்காள், தங்கை இருவர். வைத்தியச் செலவுக்கும் கடைசிக் காரியத்துக்கும் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். மொத்தம் 46 ஆயிரம் ரூபாய். உடம்புக்கு முடியாமல் போனபோது பணத்தை எடுத்து நீட்டினார்கள். அத்தனையும் பழைய நோட்டு! செல்லாது என்று அறிவித்த சேதியே அந்தப் பாட்டிமார்களின் காதுக்கு எட்டவில்லை.

ஒரு ரூபாய்கூட வீண்செலவு செய்யாதவர்கள். சேர்த்தது முழுக்கப் போனது.

வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது அந்தப் பணத்தை வெளியே எடுத்து எண்ணிப் பார்த்திருந்தால் 46 ஆயிரமும் தப்பியிருக்கும்.

அங்கே தூக்கம், இங்கே ஏக்கம்!

வீட்டில் காசு தூங்கும்போது கடையில் என்ன நடக்கிறது?

"சில்லறையா குடுங்க சார்!"

"மூணு ரூபா இல்லை, சாக்லெட் எடுத்துக்கறீங்களா?"

தினமும் கேட்கும் வசனம்தான். பஸ்சில் கண்டக்டர், மீதிக் காசை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பார். இறங்குகிற அவசரத்தில் வாங்க மறந்தால், மறந்ததுதான்.

கமிஷன் கொடுத்துச் சில்லறை வாங்கிய வியாபாரிகளும் உண்டு. அரசாங்கம் நாணயம் அடித்து அனுப்பினாலும், அது டப்பாவிலும் உண்டியலிலும் போய் உட்கார்ந்துகொண்டால் கடைக்கு எப்படி வரும்?

இப்போது பெட்டிக்கடையிலும் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. ஏழு ரூபாய் என்றால் ஏழு ரூபாயே போகிறது. சில்லறைத் தொல்லை குறைந்திருக்கிறது. கூடவே உண்டியலுக்கு வரும் காசும் குறைந்துவிட்டது. கடைக்குப் போய் வந்த பிள்ளைக்கு, "மீதியை நீயே வெச்சுக்கோ" என்று சொல்ல மீதியே வருவதில்லையே!

பத்து ரூபாய் படும் பாடு

செல்லாத காசைச் சேர்த்து ஏமாந்தவர்கள் ஒரு பக்கம். செல்லும் காசைச் செல்லாது என்று நினைத்து முடக்கி வைத்தவர்கள் இன்னொரு பக்கம்!

பத்து ரூபாய் நாணயம் 2009-ல் புழக்கத்துக்கு வந்தது. கொஞ்ச காலத்தில் வதந்தி கிளம்பியது. "ரூபாய்ச் சின்னம் இல்லாதது கள்ளக்காசு", "கோடு பத்து இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் போலி" என்று ஆளுக்கு ஒரு கதை. பல ஊர்களில் கடைக்காரர்களும் வாங்க மறுத்தார்கள்.

உண்மை என்ன? ரூபாய்ச் சின்னமே 2010-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் அடித்த காசில் அது எப்படி இருக்கும்?

2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. அதுவரை வந்த 14 விதமான பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும்!

எட்டணாவும் அப்படித்தான். கடையில் நீட்டினால் முறைக்கிறார்கள். ஆனால் 50 பைசா இன்றைக்கும் சட்டப்படி செல்லும்.

வங்கிக்குப் போகலாமா?

"மூட்டை கட்டிக்கிட்டு பேங்குக்குப் போனா திட்டுவாங்க சார்" என்று பலருக்குப் பயம். பயப்படத் தேவையில்லை.

சில்லறை நாணயங்களை வாங்க எந்த வங்கிக் கிளையும் மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. உங்கள் கணக்கில் கட்டலாம், நோட்டாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு யோசனை. ஒரு ரூபாய் தனி, இரண்டு ரூபாய் தனி, ஐந்து தனி என்று வீட்டிலேயே பிரியுங்கள். நூறு நூறாக எண்ணிப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போங்கள். கவுண்ட்டரில் இருப்பவருக்கும் வேலை சுலபம், உங்களுக்கும் மரியாதை. நூறு பத்து ரூபாய்க் காசு, அதாவது ஆயிரம் ரூபாய், முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம்தான் எடை இருக்கும். ஒரு மஞ்சப்பை போதும்!

அப்படியும் வாங்க மறுத்தால் மேனேஜரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஆனால் கடைக்காரரிடம் மூட்டையை அவிழ்க்காதீர்கள். 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு தடவையில் ஆயிரம் ரூபாய் வரைதான் செல்லும். எட்டணாவாகக் கொடுத்தால் பத்து ரூபாய் வரைதான். அதற்கு மேல் வாங்குவது அவர் இஷ்டம்.

2022-ல் சேலத்தில் ஓர் இளைஞர் ஒரு ரூபாய் நாணயங்களாகவே சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கினார். எண்ணுவதற்குள் கடை ஊழியர்களுக்குப் பொழுதே போய்விட்டது! கடைக்காரர் சம்மதித்ததால் காரியம் முடிந்தது. எல்லாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

ஐந்து ரூபாய்க் கணக்கு

சரி, சில்லறையால் என்ன பெரிதாக வந்துவிடும்? போட்டுப் பார்ப்போம்.

தினம் ஐந்து ரூபாய். ஒரு டீக்கும் போதாத காசு. மாசத்துக்கு 150 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு 9 ஆயிரம் ரூபாய்.

உண்டியலில் வைத்தால் அந்த 9 ஆயிரம் 9 ஆயிரமாகவேதான் இருக்கும். உண்டியல் குட்டி போடாது! அதற்குள் விலைவாசி ஏறிவிடும் என்பதால், உண்மையில் கொஞ்சம் தேய்ந்தே போயிருக்கும்.

அதே 150 ரூபாயை மாசாமாசம் தபால் ஆபீசில் ஆர்.டி. கட்டினால் 9 ஆயிரத்தோடு வட்டியும் சேர்ந்து வரும். தபால் ஆபீஸ் ஆர்.டி.க்கு மாசம் நூறு ரூபாயே போதும். ஐந்து வருஷத் திட்டம். பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு ஓடும்.

உண்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்டியல் வழியில் இருக்கும் சத்திரம். தங்கலாம், அங்கேயே குடியிருக்கக் கூடாது!

மோசடி, ஜாக்கிரதை!

"பழைய காசு இருக்கா? லட்ச ரூபாய்க்கு வாங்கிக்கிறோம்" என்று செல்போனில் வலை வீசும் ஆசாமிகள் இருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி பெயரையும் சொல்வார்கள். "முதல்ல வரி கட்டுங்க, கமிஷன் கட்டுங்க" என்பார்கள். கட்டினால் பணம் போச்சு.

ரிசர்வ் வங்கி இப்படி யாரையும் நியமிக்கவில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. பழைய நாலணாவுக்கு லட்ச ரூபாய் ஆசைப்பட்டு, கையில் இருக்கும் நல்ல நோட்டை இழக்காதீர்கள்.

என்ன செய்யலாம்?

* உண்டியல் மேல் ஒரு காகிதம் ஒட்டுங்கள். போட ஆரம்பித்த தேதி, திறக்க வேண்டிய தேதி இரண்டையும் எழுதுங்கள்.

* வருஷத்துக்கு இரண்டு தடவை திறங்கள். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஒரு தடவை. ஆயுத பூஜைக்கு ஒரு தடவை. ஞாபகம் வைப்பது சுலபம்.

* உண்டியலில் நோட்டைத் திணிக்காதீர்கள். கரையான், ஈரம் இரண்டும் நோட்டுக்கு எமன்.

* ஊரில் தனியாக இருக்கும் அப்பா, அம்மா, பாட்டியிடம், "பணம் எங்கேயாவது வெச்சிருக்கீங்களா? செல்லுமான்னு மட்டும் பார்த்துடலாம்" என்று கேளுங்கள். பிடுங்கிக்கொள்ளக் கேட்பதாக நினைக்காதபடி, பக்குவமாகக் கேளுங்கள். எண்ணி அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

* பிள்ளையின் உண்டியலைப் பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு தபால் ஆபீசுக்கு அழைத்துப் போங்கள்.

2021-ல் கொரோனா இரண்டாவது அலை அடித்தபோது, தமிழ்நாட்டில் எத்தனையோ சிறுவர், சிறுமிகள் உண்டியலை உடைத்து முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தார்கள். சைக்கிள் வாங்கச் சேர்த்த காசைக் கொடுத்த பையனும் உண்டு. காசைப் போட மட்டுமல்ல, எப்போது எடுக்க வேண்டும் என்றும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது!

அக்டோபர் 30-ந் தேதியை உலக சிக்கன நாள் என்று கொண்டாடுகிறோம். அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பீரோ மேல் கையை விடுங்கள். தூசியைத் தட்டுங்கள். உண்டியலைக் கவிழ்த்துக் கொட்டுங்கள்.

செல்லும் காசு எவ்வளவு, செல்லாத காசு எவ்வளவு என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.