45-70 ரைபிளைத் தெரிந்தெடுக்கும் முறை

துப்பாக்கியைப் பற்றிய கட்டுரைக்குக் கல்லூரி மலரில் இடமுண்டோ என்று நேயர்களுட் சிலர் ஐயுறக்கூடும். நம் நாட்டில், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னர் வேட்டை பெரும்பாலும் ஒழிந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, அனுமதி பெற்று மானையும் கரடியையும் வேட்டையாடுவோரும், குறிபார்த்துச் சுடுதலை விளையாட்டாகக் கொண்டோரும் இன்றும் பலர் உளர். அவர்களுள் முதன்முறையாகப் பெருவாய் ரைபிள் வாங்க எண்ணுவோர் பலர் நாடுவது 45-70 என்னும் பழந்தோட்டாவையே. அதற்குரிய துப்பாக்கியைத் தெரிந்தெடுப்பதில் பௌதிக உண்மையொன்று அடங்கியுள்ளது. அதனை அறியாதவன் கண்ணையோ கையையோ இழக்க நேரிடுமாதலின், அதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதலாவது, பெயரின் பொருளை அறிதல் வேண்டும். 45 என்பது குழலின் வாய் அளவு. அஃதாவது ஓர் அங்குலத்தில் நூற்றில் நாற்பத்தைந்து பங்கு. 70 என்பது தோட்டாவில் இட்ட கருமருந்தின் நிறை, கிரெயின் கணக்கில். அம்மருந்து 405 கிரெயின், அஃதாவது ஏறக்குறைய 26 கிராம் எடையுள்ள ஈயக் குண்டை வினாடிக்குச் சுமார் 1,350 அடி வேகத்தில் செலுத்தியது. 1873-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சேனை இத்தோட்டாவை ஸ்பிரிங்பீல்டு ரைபிளுடன் ஏற்றுக்கொண்டது. அந்த ரைபிளின் பின்வாயை மூடும் இரும்புக்கட்டை, நிலவறைக் கதவைப்போல் மேல்நோக்கித் திறப்பது. ஆதலால் அதற்குக் கதவுத் துப்பாக்கி என்ற பொருளில் 'டிராப்டோர்' என்னும் பெயர் வழங்கிற்று.

1892-ஆம் ஆண்டில் சேனை புகையற்ற மருந்தையுடைய சிறுவாய்த் தோட்டாவுக்கு மாறியது. ஆயினும் 45-70 மறையவில்லை. அதற்கென அமைந்த துப்பாக்கிகளை நாம் மூன்று வகுப்பாகப் பிரிக்கலாம். முதல் வகுப்பு, மேற்கூறிய கதவுத் துப்பாக்கியும் அதனைப் பார்த்து இக்காலத்தார் செய்யும் போலிகளும். இரண்டாவது, கீழ்நெம்பை அசைத்து அடுத்தடுத்துச் சுடும் வகை. 1886-ஆம் ஆண்டின் வின்செஸ்டரும், 1972-இல் புதிதாய் வெளிவந்த மார்லின் 1895 என்பதும் இவ்வகையின. இவற்றுள்ளும் சென்ற நூற்றாண்டுக்கு முற்பட்ட பழம் பொருள்களை முதல் வகுப்பிற் சேர்த்தெண்ணுவதே நலம். மூன்றாவது, ரூகர் நம்பர் 1 போன்ற வலிய ஒற்றைத்தோட்டா ரைபிள்கள்.

ஒரே பெயருள்ள தோட்டா இம்மூன்றினுள்ளும் தடையின்றி நுழையும். ஈண்டுத்தான் அபாயம் ஒளிந்திருக்கின்றது. அத்தோட்டாவின் கூடு கருமருந்துக்கென அமைந்தமையால் பெரியது. புகையற்ற மருந்து சிறிதளவே போதுமாகலின், கூட்டில் வெற்றிடம் மிகுகின்றது. அதில் மருந்தைக் கூட்டி வேகத்தைப் பெருக்க எவனுக்கும் ஆசை எழும். மருந்து கூடினால் அழுத்தமும் கூடும். பழந்துப்பாக்கிகளை எண்ணி வகுத்த அமெரிக்க அளவுத் திட்டம் இத்தோட்டாவுக்குச் சதுர அங்குலத்திற்கு 28,000 பவுண்டு அழுத்தத்தையே எல்லையாக விதித்துள்ளது. அவ்வெல்லையைக் கடந்து, வலிய துப்பாக்கிகளுக்கென்றே சில தொழிற்சாலைகள் தோட்டா செய்து, பெட்டியின்மேல் எச்சரிக்கையும் அச்சிடுகின்றன. அதைப் படியாது கதவுத் துப்பாக்கியில் இட்டால், பின்வாய் பிளந்து சுடுவோன் முகத்திற் பாயக்கூடும். பழந்துருத்தியிற் புதுரசத்தை வார்த்தவனுக்குத் துருத்தியும் போயிற்று, ரசமும் போயிற்று. இவனுக்கோ உயிரே போகலாம்.

இரண்டாவது ஆராயத்தக்கது உதை. குண்டு முன்செல்லும் உந்தத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்செல்லும் என்பது நியூட்டன் கூறிய விதி. குண்டை மாத்திரம் கணக்கிட்டால், மேற்கூறிய பழைய அளவுத் தோட்டா 7 பவுண்டு துப்பாக்கியை வினாடிக்குச் சுமார் 11 அடி வேகத்தில் தோளின்மேல் தள்ளும். 10 பவுண்டு துப்பாக்கியாயின் 8 அடிக்கும் குறைவே. குண்டின் வேகத்தை 1,900 அடியாக உயர்த்தினால் உதையின் ஆற்றல் ஏறக்குறைய இருமடங்காகும். குதிரைவீரரின் இலேசான துப்பாக்கிக்கு அமெரிக்கச் சேனையே 70-ஐ 55 கிரெயினாகக் குறைத்தது. பழகாதவன் வலிய தோட்டாவைச் சுட்டால், அடுத்த முறை விசையை இழுக்குமுன் கண்ணை மூடிக்கொள்வான், குறியும் தவறும். தவறிய குண்டு விலங்கைக் கொல்லாது புண்படுத்தி, வேதனையோடு காட்டில் அலையவிடும்.

மற்றும் இரண்டு செய்திகள் உள. கீழ்நெம்புத் துப்பாக்கியின் குழலறையில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கிடக்கின்றன. கூர்நுனிக் குண்டாயின், அது முன்னுள்ள தோட்டாவின் கேப்பில் மோதி அறைக்குள்ளேயே வெடிக்கச் செய்யலாம். ஆதலின் தட்டைநுனியோ, அதற்கென ஆன மெல்லிய நுனியோ உடைய குண்டே தக்கது. இனி, 100 கஜத்துக்குக் குறிவைத்த பழைய அளவுத் தோட்டா 200 கஜத்தில் ஏறக்குறைய 2 அடி தாழும். எனவே இது அண்மையில் நின்று சுடுவோனுக்குரிய கருவியேயன்றி, நெடுந்தூரத்திற்கு எளிதில் உதவுவதன்று.

ஆகவே முதல் ரைபிள் வாங்குவோனுக்கு நாம் கூறுவது இது: இக்காலத்து எஃகினால் ஆன, நன்கு கனமுள்ள, கீழ்நெம்பு அல்லது ஒற்றைத்தோட்டா வகையொன்றைத் தெரிந்தெடுக்க. பழம்பொருளின்மேல் விருப்பமுண்டாயின், தேர்ந்த துப்பாக்கிக் கம்மியனிடம் காட்டிச் சோதித்தபின் வாங்குக. எதை வாங்கினும் பழைய அளவுத் தோட்டாவிலேயே பழகத் தொடங்குக. எத்துணை வலிய தோட்டாவை இது தாங்கும் என்று வினவுமுன், எத்துணைத் தோட்டாவை நான் அஞ்சாது, கண்மூடாது, குறிதவறாது சுடவல்லேன் என்று தன்னையே வினவுக. கருவியின் வலியையும் தன் வலியையும் அளந்தறிந்தவன் கையிலேதான் பெருவாய் ரைபிள் அடங்கி நிற்கும்.