நல்ல விலை அறிக்கை எப்படி இருக்க வேண்டும்?

வியாபாரத்திற்கு முதல் எவ்வளவு அவசியமோ, சரியான தகவலும் அவ்வளவு அவசியம். தகவல் அரைகுறையாக இருந்தால் முதலுக்கே மோசம் வரும்.

2019 ஆகஸ்டில் "ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்" என்ற செய்தி எங்கும் பரவியது. செய்தி பொய்யல்ல. ஆனால் அது ஏலத்தில் கிடைத்த அதிகபட்ச விலை. சராசரி விலை அதைவிட மிகவும் குறைவு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் சரக்கு வாங்கும் மளிகைக் கடைக்காரர் கையைச் சுட்டுக்கொள்வார்.

நல்ல அறிக்கைக்கு உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. போடிநாயக்கனூரிலும், மலைமேல் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நடக்கும் ஏலங்களின் விவரத்தை நறுமணப் பொருள் வாரியம் வெளியிடுகிறது. அதில் இருப்பவை: ஏலத் தேதி, ஏலம் நடத்திய நிறுவனம், லாட்டுகளின் எண்ணிக்கை, வரத்து, விற்பனையான அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை. அலங்கார வார்த்தை ஒன்றுகூட இல்லை.

இதைப் படிக்கும் முறை என்ன? முதலில் சராசரி விலையைப் பார்க்க வேண்டும். அடுத்து வரத்தையும் விற்பனையையும் ஒப்பிட வேண்டும். உதாரணத்திற்கு, 50,000 கிலோ வந்து 49,000 கிலோ விற்றால் கிராக்கி இருக்கிறது என்று பொருள். 30,000 கிலோதான் விற்றது என்றால், விலை கட்டவில்லை என்று விற்பவர் நிறுத்தியிருக்கலாம், வாங்குபவர் தயங்கியிருக்கலாம். ஒருநாள் கணக்கைக் கொண்டு முடிவு கட்டாமல், முந்தைய சில ஏலங்களோடும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இந்த அறிக்கையில் கிடைக்காத விவரமும் உண்டு. 8 மில்லிமீட்டர் பருமனுள்ள காய்க்கு ஒரு விலை, சிறு காய்க்கு வேறு விலை. நம் கடையில் விற்கும் ரகத்தின் விலையை மொத்த வியாபாரியிடம் தனியே கேட்டறிய வேண்டும். ஏல விலையோடு ஜி.எஸ்.டி.யும் வண்டி வாடகையும் சேரும் என்பதையும் மறக்கக்கூடாது.

"மழை இல்லை, இனி விலை ஏறும்" என்பது அறிக்கை ஆகாது. அது ஒருவரின் கணிப்பு. கணிப்பும் தேவைதான். ஆனால் நடந்ததையும் நடக்கப் போவதாக நினைப்பதையும் ஒரே வரியில் கலந்து சொல்லக்கூடாது.

ஆகவே, வாட்ஸ்அப்பில் விலை வந்தால் நாம் கேட்க வேண்டியவை ஐந்து: எந்தத் தேதி? எந்தச் சந்தை? எந்த ரகம்? எவ்வளவு விற்றது? சராசரி என்ன? நாம் பிறருக்கு அனுப்பும் தகவலிலும் இந்த ஐந்தும் இருக்கட்டும். நம் சொல்லை நம்பித்தான் சிறு கடைக்காரர் பணத்தைப் போடுகிறார்.