கன்றின் கால் முறிந்தால்

கல்முனைப் பிரதான வீதியில் இரவில் படுத்துக் கிடக்கும் கன்றை வாகனம் தட்டிவிட்டால், கால் தொங்குவதைக் கண்டதுமே "உயிர் போகுமுன் அறுத்துவிடுங்கள்" என்ற யோசனைதான் முதலில் வரும். கிட்டங்கித் தாம்போதிக்கு அப்பால் நாவிதன்வெளி வட்டைகளிலும் இதே பேச்சுத்தான். தொடையெலும்பு நொறுங்கிய பெரிய எருமைக்கு அது நியாயமான முடிவு. அதை வேதனையில் கிடத்தி வைப்பது இரக்கமல்ல. ஆனால் முழங்காலுக்குக் கீழே முறிந்த கன்றுக்கும் ஆட்டுக்கும் அதே தீர்ப்பைச் சொல்வது அநியாயம். தோல் கிழியாத முறிவை ஒழுங்காகக் கட்டினால், இளங்கன்று பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் அந்தக் காலை ஊன்றி நடக்கும்.

எலும்பு பொருந்த அசையாமையும் இரத்தவோட்டமும் வேண்டும். முறிந்த இடத்தில் உறையும் இரத்தத்திலிருந்து மென்மையான இழையம் வளர்ந்து, அதில் சுண்ணம் படிந்து இறுகுகிறது. அதற்குள் காலை அசைய விடுவது, கொங்கிறீட் இறுகுமுன் முட்டுப் பலகையைக் கழற்றுவதற்குச் சமம். இது தெரிந்துதான் மூங்கில் பட்டை வைத்துச் சீலையால் இறுக்கிக் கட்டுகிறார்கள். பிழை அந்த இறுக்கத்தில்தான். புதிய முறிவு வீங்கும். வீங்க இடமில்லாத கட்டு இரத்தத்தை நிறுத்தும். குளம்பு சில்லிட்டால் கட்டை உடனே தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் கால் அழுகிவிடும். எலும்பை அசையாமல் பிடிப்பது கட்டின் நீளம். முறிவுக்கு மேலுள்ள மூட்டையும் கீழுள்ள மூட்டையும் அது சேர்த்துப் பிடிக்க வேண்டும். தடித்த பஞ்சைச் சுற்றி, நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாயைக் குளம்பிலிருந்து முழங்காலுக்கு மேல் வரை வைத்துக் கட்டலாம். முறிந்த இடத்திலேயே முடியும் குட்டைப் பட்டை நெம்புகோலாகி, எலும்பு நுனியைத் தோலுக்கு வெளியே தள்ளிவிடும். வெளியே வந்த எலும்பை உள்ளே தள்ளாமல், சுத்தமான துணியால் மூடி மிருக வைத்தியரை அழைக்க வேண்டும்.

முறிவு நெரிவு வைத்தியர்கள் காலங்காலமாகக் கட்டிச் சுகப்படுத்தவில்லையா என்று கேட்கலாம். சுகப்படுத்தியிருக்கிறார்கள். பூசிய எண்ணெயைவிட அவர்களின் விரல்கள் செய்த நேர்ப்படுத்தலுக்கே அந்தப் பெருமை சேரும் என்பது என் எண்ணம். வளரும் எலும்புக்கு வியக்கத்தக்க குணமொன்று உண்டு. சற்று வளைந்து பொருந்தினாலும், சுமை தாங்கும் பக்கத்தில் புதிய எலும்பைப் படியவைத்து, சுமையில்லாத பக்கத்தைக் கரைத்து, மாதக்கணக்கில் தன்னையே நிமிர்த்திக்கொள்ளும். எலும்பு சுமைக்கேற்ப உருமாறும் என்பதை ஜேர்மன் வைத்தியர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் நூலாகவே எழுதினார். ஆனால் முறுகிப் பொருந்தியதை அது திருத்தாது. ஆகவே கட்டுமுன், முறிந்த காலின் குளம்பு மற்றக் குளம்பு நோக்கும் திசையையே நோக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

செலவு கட்டுபடியாகாது என்பது அடுத்த மறுப்பு. குதிரைக்கு அது பொருந்தும். கால் முறிந்த பந்தயக் குதிரை பார்பரோவுக்கு 2006இல் அமெரிக்காவில் உலோகத் தகடும் 27 திருகாணிகளும் பொருத்தினார்கள். மற்றக் கால்களின் குளம்புகள் நோயுற்று அது 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்யப்பட்டது. கன்று அப்படியல்ல. எடை குறைவு, மூன்று காலில் நிற்கும், படுத்து அசைபோட்டபடி ஓய்வெடுக்கும். பஞ்சும் குழாயும் பெரிய செலவல்ல. வெளிப்படையாக நொண்டும் பிராணி ஹஜ்ஜுப் பெருநாள் உழ்ஹிய்யாப் பலிக்குத் தகாது என்பதால், கோணலின்றிப் பொருந்திய கால் விலையையும் காக்கும். செலவே இல்லாத வழியும் உண்டு: முறியாமல் தடுப்பது. கன்றுகளின் கால் முறிவுகளில் பல, பிரசவத்தில் கயிறு போட்டு இழுக்கும்போதே நேர்கின்றன. குளம்புக்கு மேலுள்ள மூட்டின் மேற்புறம் ஒரு சுருக்கும் கீழ்ப்புறம் ஒரு சுற்றும் போட்டால் இழுவிசை இரண்டு இடங்களுக்குப் பகிரப்படும். அப்போதும் தாய்ப்பசு முக்கும் நேரத்தில் மட்டுமே இழுக்க வேண்டும்.