வலிக்காத கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டும்

மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. நம் பெண்கள் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்றால் உடனே அறியாமையைக் குறை சொல்கிறோம். எனக்கு இந்த வலியின்மைதான் பெரிய காரணமாகப் படுகிறது. வலித்திருந்தால் அன்றே ஓடியிருப்பார்கள். குளிக்கும்போது கையில் தட்டுப்படும் வலியில்லாத முடிச்சை, ‘பால் கட்டியிருக்கும்’, ‘சூட்டுக் கட்டியாக இருக்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள். மகள் கல்யாணம் முடியட்டும், மகன் பரீட்சை முடியட்டும் என்று மாதங்கள் ஓடுகின்றன.

அந்த மாதங்கள் உயிரை எடுக்கின்றன. 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்ட 17,000-க்கும் மேற்பட்ட இந்தியப் பெண்களின் நிலையைப் புற்றுநோய்ப் பதிவேடுகள் தொடர்ந்து கவனித்தன. நோய் மார்பகத்தைத் தாண்டாத நிலையில் சிகிச்சைக்கு வந்தவர்களில் சுமார் 81 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்தார்கள். நுரையீரல், எலும்பு என்று பரவிய பிறகு வந்தவர்களில் 18 சதவீதம் பேர்தான். 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வந்திருக்கும், 98,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீடு.

எல்லாப் பெண்களுக்கும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்துவிட்டால் போதாதா? மேலை நாடுகளில் இந்த நோய் அதிகம் தாக்குவது 60 வயதை ஒட்டி. ஆசியாவில் ஏறக்குறையப் பத்து ஆண்டு முன்னதாகவே, நாற்பதுகளிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும் வந்துவிடுகிறது. அந்த வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். மேமோகிராம் படத்தில் அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. கட்டி மறைந்துபோக இடமுண்டு. அதனால்தான் இளம் வயதினருக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுக்கிறார்கள். கருவியின் விலையும், படத்தைப் படித்துச் சொல்லும் மருத்துவர்களின் பற்றாக்குறையும் தனிக் கதை.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை வேறு வழியைச் சோதித்தது. 1998-ல் தொடங்கி, குடிசைப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயது வரையிலான ஒன்றரை லட்சம் பெண்களை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகள், கையால் பரிசோதனை செய்தார்கள். இவர்கள் மருத்துவர்கள் அல்லர். இருபது ஆண்டுக்கு மேல் கழிந்து, 2021-ல் முடிவு வெளிவந்தது. மற்ற பிரிவில் நோய் கண்டவர்களில் 47 சதவீதம் பேர் முற்றிய மூன்றாம், நான்காம் நிலையில் வந்தார்கள். பரிசோதிக்கப்பட்ட பிரிவில் அது 37 சதவீதம். 50 வயதைக் கடந்தவர்களிடம் இந்த நோயால் நேரும் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குக் கீழுள்ளவர்களிடம் இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும், கருவியே இல்லாமல் இத்தனை செய்ய முடிந்தது சின்ன விஷயமல்ல.

அந்தப் பரிசோதனை எப்படியிருக்கும் என்று தெரிந்தாலே பாதிக் கூச்சம் போய்விடும். முதலில் உட்காரவைத்துக் கைகளைத் தூக்கச் சொல்வார்கள். தோல் எங்காவது குழிகிறதா, காம்பு புதிதாக உள்ளிழுத்திருக்கிறதா, அதிலிருந்து ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு படுக்கவைத்து, ஒரு கையைத் தலைக்கடியில் மடக்கி வைக்கச் சொல்லி, நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் சின்னச் சின்ன வட்டமாக அழுத்திக்கொண்டே போவார்கள். முதலில் மெதுவாக, பிறகு சற்று அழுத்தமாக, கடைசியில் விலா எலும்பு தட்டும் அளவுக்கு. காறை எலும்பிலிருந்து தொடங்கி அக்குள் வரை ஓர் இடம் விடாமல். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

30 முதல் 65 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2016-லேயே மத்திய அரசு வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்ன 30-49 வயதுப் பெண்கள் நாடு முழுவதிலும் 100-க்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாடு பரவாயில்லை என்றாலும் 100-க்கு ஆறு பேரை எட்டவில்லை.

கட்டி தெரிந்த பிறகும் பெண்களைத் தடுப்பது பயம். ‘ஊசி குத்தினால் பரவிடும், கத்தி பட்டால் பரவிடும்’ என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி ஊசியால் நோய் பரவுவதில்லை. சிகிச்சையில்லாமல் விட்ட கட்டிதான் பரவுகிறது. மார்பையே எடுத்துவிடுவார்கள் என்ற பயம் இன்னொன்று. கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்தால், அதை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்து மார்பகத்தைக் காப்பாற்ற முடியும். அம்மாவுக்குக் கேன்சர் என்றால் மகளுக்கு வரன் அமையாது என்று மறைப்பவர்களும் உண்டு. நோய் வந்தவர்களில் பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான்.

முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்கேனுக்கு ஒரு நாள், பயாப்சிக்கு ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள் என்று அலையவைத்தால், தினக்கூலிக்குப் போகும் பெண் இரண்டாவது நடையிலேயே நின்றுவிடுவார். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஸ்கேனையும் பயாப்சியையும் ஒரே நாளில் முடித்து அனுப்பும் ஏற்பாடு வேண்டும்.

கட்டி தட்டுப்பட்டால் பொறுத்துப் பார்க்க வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்கினால் கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் சொல்லலாம்.